தணிகாசலம் என்றொரு நோயாளி

குரு இன்னும் திரும்பி வரவில்லை.

போன வாரம் கால் வீங்கி, கண் மஞ்சள் பூத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தின் வரிசையில் வந்து நின்ற நெசவாளி குரு, மாத்திரை வாங்காமலே போய்விட்டான். அவனைப் போகவைத்தது யாரென்று சத்யப்ரியாவுக்குத் தெரியும். அவள்தான்.

திருப்புட்குழிக்கு அப்பால் ஒரு கிராமத்தில் இருக்கும் அந்த நிலையத்தில் சத்யப்ரியா ஸ்டாஃப் நர்ஸ். கறாரான சிஸ்டர் என்று பெயர். "குடிச்சிட்டு குடிச்சிட்டு வந்து நிப்ப, உனக்கு கவர்மெண்டு மாத்திரை குடுத்துக்கினே இருக்கணுமா? பெத்த புள்ளைங்க மூஞ்சைப் பாத்தா வெக்கமா இல்ல?" என்று எல்லார் எதிரிலும் கேட்டாள். குரு கையிலிருந்த சீட்டைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு நடந்துவிட்டான்.

அன்று ராத்திரி ஏனாத்தூர் வீட்டில் சாப்பிடும்போது அதை அவள் ஒரு வெற்றியைப் போலச் சொன்னாள். மாமனார் பரசுராமன், "அப்பிடித்தாம்மா கேக்கணும். அப்பதான் ஒறைக்கும்" என்றார். மகள் தீபிகா தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். கணவன் பிரேம்நாத் பாதிச் சாப்பாட்டில் கை கழுவப் போனான். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்று அந்த நிலையத்தில் ஒரு பயிற்சி வகுப்பு. குடிக்கிற நோயாளிகளிடம் எப்படிப் பேசுவது என்று ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, சின்ன காஞ்சிபுரத்திலிருந்து டாக்டர் வைதேஹி வருகிறார்.

"நமக்குத் தெரியாததா இவங்களுக்குத் தெரிஞ்சிடப்போவுது?" என்றாள் சத்யப்ரியா, வேனில் ஏறும்போது.

பிரேம்நாத் சிரித்தான். அவன் சொந்தமாகப் பள்ளிக்கூட வேன் வைத்து ஓட்டுகிறவன். காலையில் ஏனாத்தூர்ப் பிள்ளைகளைக் காஞ்சிபுரத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்து வருவான். தீபிகாவும் அந்த வேனில்தான் போகிறாள். இன்று வகுப்புக்கு வாடகை நாற்காலிகள் வேண்டியிருந்ததால், பிள்ளைகளை இறக்கிவிட்டு, நாற்காலிகளையும் மனைவியையும் ஏற்றிக்கொண்டு வந்தான். எப்போதும் பஸ்ஸில் போகிற சத்யப்ரியாவுக்கு முன் சீட்டில் உட்கார்ந்து போவது விருந்தாளி மாதிரி இருந்தது.

வேன் முழுக்கக் கிராம்பு வாசனை.

"பல்லு வலிக்குதா?"

"ஆமா. கொஞ்சம்."

"ஒரு நாள் ஓ.பி.க்கு வாங்க, பாத்துடலாம்."

"வரேன்" என்றான்.

*

டாக்டர் வைதேஹி ஒல்லியாக, காட்டன் புடவையில், கையில் மைக்கை வாங்காமலே பேசினார். நர்சுகள், பார்மசிஸ்ட், சுகாதார ஆய்வாளர், கிராமத்துக்கு ஒருவராக வீடு வீடாகப் போகிற பெண்கள். எல்லாரும் விசிறிக்குக் கீழே இருக்கும் நாற்காலிகளைப் பிடித்துக்கொண்டார்கள்.

"பிரஷர் பாக்கறதுக்கு யாராவது கூச்சப்படறமா? சுகர் பாக்கறதுக்கு? அது மாதிரி இதையும் எல்லார்கிட்டயும் கேக்கணும். குடிக்கிற மூஞ்சின்னு நாம தேர்ந்தெடுத்து கேக்கக் கூடாது. நாலு பேர் நடுவுலயும் கேக்கக் கூடாது. முதல்ல, கேக்கலாமான்னு அனுமதி கேளுங்க. அப்பறம் கேளுங்க. அப்பறம் வாயை மூடிக்கிட்டு, அவங்க சொல்றதைக் காது குடுத்துக் கேளுங்க. மூணாவதுதான் கஷ்டம்."

சிரிப்பு எழுந்தது. சத்யப்ரியா சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இங்க கூட்டம் உங்களுக்குத் தெரியாது. அவனுங்க பொண்டாட்டிங்க எங்ககிட்ட வந்து அழுதுக்கினு நிக்கிறாங்க. மெதுவா கேட்டா ஒருத்தனும் உண்மை சொல்ல மாட்டான். நாலு வார்த்தை நல்லா ஒறைக்கிற மாதிரி சொன்னாதான் உண்டு."

"இருக்கலாம் சிஸ்டர்." வைதேஹிக்குக் கோபம் வரவில்லை. "அப்படி நீங்க சொன்னவங்கள்ல யாரு உங்ககிட்டயே திரும்பி வந்தாங்க, யோசிச்சுச் சொல்லுங்க."

சத்யப்ரியா யோசித்தாள். ஒரு முகமாவது ஞாபகத்துக்கு வரும் என்று நினைத்தாள். குரு பெஞ்சில் சீட்டை வைத்துவிட்டுப் போனதுதான் வந்தது.

"செஞ்சு பாத்துடலாமே" என்றார் வைதேஹி. "நீங்கதான் நர்ஸ். நோயாளியா யார் வரீங்க?"

பார்மசிஸ்ட் எழுந்தார். உட்கார்ந்ததுமே சிரிப்பு தாங்காமல், "சிஸ்டர், நான் குடிகாரன்" என்றார். கூடம் கலகலத்தது. இவர் சரிப்பட மாட்டார் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "நம்ம பிரேம் அண்ணன் வெளிய நிக்கிறாருபா, அவரக் கூப்புடுங்க. நல்லா பேசுவாரு" என்றது.

பிரேம்நாத் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "எனக்கு அதெல்லாம் வராதுபா" என்று பின்வாங்கினான். விடவில்லை. தோளைப் பிடித்துக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள்.

"உங்க பேரு இப்ப தணிகாசலம்" என்றார் வைதேஹி. "நெசவு நெய்யறவர்னு வச்சுக்கலாமா?"

"வாணாம் மேடம். நமக்குத் தறி பத்தி ஒண்ணும் தெரியாது. டிரைவர்னே இருக்கட்டும்."

எதிரும் புதிருமாகக் கணவனும் மனைவியும். யாரோ விசில் அடித்தார்கள். சத்யப்ரியா புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு, கொஞ்சம் மிடுக்காகவே ஆரம்பித்தாள்.

"உக்காருங்க தணிகாசலம். இன்னா செய்யுது உங்களுக்கு?"

"தூக்கம் வரல சிஸ்டர்."

"பிரஷர் பாத்தாச்சு, சுகர் பாத்தாச்சு. எல்லார்கிட்டயும் கேக்கற மாதிரி உங்ககிட்டயும் ஒண்ணு கேக்கலாமா? குடிக்கிற பழக்கத்தப் பத்தி."

"கேளுங்க" என்றான்.

"எப்பவாவது எடுத்துக்குவீங்களா?"

"எடுத்துக்குவேன்."

"வாரத்துல எத்தினி நாள்?"

"எடுக்காத நாள் இல்ல சிஸ்டர்."

"அடேங்கப்பா!" என்று பார்மசிஸ்ட் கை தட்டினார். "அண்ணன் கலக்குறாரு!"

சத்யப்ரியாவும் சிரித்தாள். அடுத்த கேள்வியைப் பலகையில் டாக்டர் எழுதியிருந்தார். அதைப் பார்த்தே கேட்டாள்.

"காலையில எழுந்த உடனே குடிக்கணும்னு தோணுமா?"

"தோணறது இல்ல. குடிச்சாகணும். எழுந்தா கை நடுங்குது. வண்டி சாவி ஓட்டைக்குள்ள போவாது. கொஞ்சம் ஊத்திக்கினா நிக்குது. அப்பால கிராம்பு போட்டுக்குவேன்."

பின்வரிசையில் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சத்யப்ரியா அவன் கைகளைப் பார்த்தாள். இரண்டையும் முழங்காலுக்கு நடுவில் கோத்து, ஒன்றை ஒன்று அழுத்திப் பிடித்திருந்தான். குறட்டை விடுகிறேன், உன் தூக்கம் கெடும் என்று முன் அறையில் தனியாகப் படுக்கப் போனது. விடிவதற்கு முன்பே வண்டி துடைக்கப் போவது. பல்வலி என்று மாதக்கணக்கில் கிராம்பு மெல்வது. ஒவ்வொன்றும் அவளாகக் கேட்டு, அவன் பதில் சொல்லி, சரி என்று விட்டதுதான்.

பலகையில் அடுத்து என்ன எழுதியிருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுத்துகள் கலங்கின.

"வீட்ல... உங்க சம்சாரத்துக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஏன் சொல்லல?"

அது பயிற்சிக்கான கேள்வி இல்லை. குரல் உயர்ந்துவிட்டது. அவன் நிமிர்ந்து அவளை நேராகப் பார்த்தான்.

"அவங்க ரொம்ப நல்லவங்க சிஸ்டர். யாருக்கு உடம்பு முடியலன்னாலும் ஓடுவாங்க. ஆனா குடிக்கிறவன் மட்டும் அவங்களுக்கு மனுஷன் கணக்குல இல்ல. அதான் சொல்லல."

யாரோ "வசனம்!" என்றார்கள். நாலைந்து பேர் கை தட்டினார்கள்.

வைதேஹி தட்டவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து, இருவருக்கும் பக்கத்தில் உட்கார்ந்தார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி, தணிகாசலத்திடம் பேசுவது போலவே பேசினார்.

"நிறுத்தணும்னு தோணியிருக்கா தணிகாசலம்?"

"தினமும் தோணுது மேடம். மத்தியானம் வரைக்கும் தோணும்."

"இவ்வளவு நாளும் யார்கிட்டயும் சொல்லாம நீங்களே தாங்கியிருக்கீங்க. இப்ப சொன்னதே பெரிய விஷயம். ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க. நாளைக்கே ஒரேயடியா நிறுத்திடணும்னு நீங்களா முடிவு பண்ணிடாதீங்க. கை நடுக்கம் வர்ற அளவுக்கு ஆயிட்டா, சட்டுனு நிறுத்தினா வலிப்பு வரலாம். ஆஸ்பத்திரில சேர்ந்து, மருந்து குடுத்து, பாத்துப் பாத்துதான் நிறுத்தணும். நிறுத்த முடியும். புரியறதா?"

"புரியுது மேடம்."

வைதேஹி எழுந்து, "டீ சாப்பிட்டுட்டு வந்துடுங்க எல்லாரும்" என்றார். டீ இன்னும் வந்திருக்கவே இல்லை.

*

நிலையத்தின் பின்பக்கம் வேப்பமர நிழலில் வேன் நின்றிருந்தது. பிரேம்நாத் அதன் படியில் உட்கார்ந்திருந்தான். சத்யப்ரியா அவன் எதிரே போய் நின்றாள். நடந்துவரும்போது எத்தனையோ வார்த்தைகள் வாய் வரைக்கும் வந்தன. அவனைப் பார்த்ததும் ஒன்றுதான் மிஞ்சியது.

"சாவியக் குடுங்க."

மறுபேச்சில்லாமல் கொடுத்தான். அந்த மறுபேச்சின்மைதான் அவளை உடைத்தது.

"அத்தினி புள்ளைங்க... நம்பித்தானே ஏத்தி அனுப்பறாங்க? நம்ம தீபி அதுல உக்காந்துக்கினு போறா. காலையில குடிச்சிட்டு எப்பிடிங்க ஸ்டியரிங்கப் பிடிச்சீங்க?"

"ஊத்திக்கலன்னாதான் சத்யா பயம். கை நிக்காது. ஊத்திக்கினா நிதானமா ஓட்டுவேன்."

சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டான்.

"எப்பலேர்ந்து?"

"அம்மா போனதுலேர்ந்து."

அவன் அம்மா காந்தா நுரையீரல் நோயில் பல வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பக்கத்தில் இருந்தது பிரேம்நாத்தான். சத்யப்ரியாவுக்கு அப்போது லீவு கிடைக்கவில்லை.

"ராத்திரியெல்லாம் அவங்க மூச்சு வாங்கறதக் கேட்டுக்கினே உக்காந்திருப்பேன். போயிட்ட அப்பறமும் படுத்தா அந்தச் சத்தம் கேக்குது. கொஞ்சம் ஊத்திக்கினா கேக்கல. அப்பிடித்தான் ஆரம்பிச்சுது. அப்பறம் சத்தத்துக்காகக் குடிக்கிறனா, குடிக்கிறதுக்காகக் குடிக்கிறனான்னு எனக்கே தெரியல."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே சத்யா. தூக்கம் வரலன்னு சொன்னேன்."

சொல்லியிருந்தான். அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், வாசலில் செருப்பு மாட்டியபடியே, "எல்லா வூட்லயும்தான் சாவு வுழுது. ரெண்டு மாசத்துல சரியாப்பூடும்" என்றாள். தினம் ஓ.பி.யில் எல்லாரிடமும் சொல்கிற வார்த்தை அது. புருஷனிடமும் அதையேதான் எடுத்து நீட்டினாள்.

"போன வாரம் சொல்லிடலாம்னுதான் உன்னத் தேடி இங்க வந்தேன்" என்றான் பிரேம்நாத். "காலையில கை ரொம்ப ஆடிப்போச்சு, பயந்துட்டேன். வந்து கதவுகிட்ட நின்னேன். நீ குருவைக் கேட்டுக்கினு இருந்த."

சத்யப்ரியா படியில் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். திட்டுவதற்கு நியாயம் இருந்தது. ஆனாலும் கதவருகில் நின்றுவிட்டுத் திரும்பிப் போன அவன் முதுகைத் தான் ஒருமுறை பார்த்திருந்தால் போதுமே என்றுதான் மனம் சுற்றிச் சுற்றி வந்தது.

மண் மிதிபடும் சத்தம் கேட்டு இருவரும் எழுந்தார்கள். வைதேஹி.

"உங்க ரெண்டு பேர்கிட்டயும் மன்னிப்புக் கேக்கணும்னு வந்தேன்" என்றார். "நாலு பேர் நடுவுல யாரையும் கேக்கக் கூடாதுன்னு காலையில நான்தான் சொன்னேன். நானே உங்களை நடுவுல உக்கார வச்சுட்டேன். நிஜம்னு புரிஞ்ச உடனே நிறுத்தியிருக்கணும்."

"பரவால்ல மேடம்" என்றான் பிரேம்நாத். "தணிகாசலமா இருந்ததாலதான் வாய் வந்துச்சு."

வைதேஹி அவன் பக்கம் திரும்பினார். "நாளைக்குக் காலையில மாவட்ட ஆஸ்பத்திரிக்கு வாங்கோ. நான் அங்க இருப்பேன். வரதும் வராததும் உங்க முடிவு. ஆனா இன்னிக்கி வண்டி மட்டும் வேண்டாம்."

"சாவி என்கிட்ட இருக்குது மேடம்" என்றாள் சத்யப்ரியா.

*

கொழுந்தன் விமல்ராஜுக்குப் போன் போட்டாள். "அண்ணனுக்கு ஜுரம், நீ வந்து வேனை எடு" என்றாள். ஏன், என்ன என்று கேட்காமல் நண்பனின் பைக்கில் வந்து எடுத்துப் போனான். பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலில் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

அவர்கள் இருவரும் பஸ்ஸில் காஞ்சிபுரம் வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஏனாத்தூர் வந்தார்கள். ஆட்டோ பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அவன் கை கம்பியைப் பற்றியது. விரல்கள் ஆடின. அவள் வேறு பக்கம் பார்க்கவில்லை. இத்தனை நாள் பார்க்காததற்கெல்லாம் சேர்த்து இன்று பார்த்துக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பிரேம்நாத் முன் அறையில் போய்ப் படுத்தான். சத்யப்ரியா அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதன் எதிரே நின்றாள்.

வேன் வந்து நின்ற சத்தம். தீபிகா ஷூவைக்கூடக் கழற்றாமல் நேராகச் சமையற்கட்டுக்கு வந்தாள்.

"அப்பா எங்கமா?"

"படுத்திருக்காரு. உடம்பு சரியில்ல."

தீபிகா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பையைத் தோளிலிருந்து இறக்கினாள்.

"தெரிஞ்சிடுச்சாமா உனக்கு?"

பால் பொங்கி வழிந்தது. சத்யப்ரியா அடுப்பை அணைக்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

"உனக்கு எப்பிடி?"

"எப்பவோ தெரியும். ஒருநாள் சீட்டுக்குக் கீழ என் டிபன் பாக்ஸ் வுழுந்துச்சு, எடுக்கறப்ப பாட்டிலைப் பாத்துட்டேன். அதுலேர்ந்து நான் முன் சீட்லதான் உக்காருவேன். பின்னாடி உக்காருன்னா கூட போவ மாட்டேன். அப்பாகிட்ட பேசிக்கினே வருவேன். ஸ்கூல் கதை, சும்மா எதுனா. பேசிக்கினே இருந்தா அவரு தூங்காம ரோட்டைப் பாத்து ஓட்டுவாரு."

ஒன்பதாவது படிக்கிற பெண். படிக்காமல் விட்ட பாடத்தை வேனில் படி என்று சத்யப்ரியா அவளை எத்தனை முறை விரட்டியிருப்பாள். வேனில் படிக்க முடியாதும்மா என்று மட்டும்தான் மகள் சொல்வாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா கண்ணு?"

தீபிகா சுவரைச் சுரண்டினாள். "நீ திட்டுவ. நீ திட்டினா அப்பா எழுந்து எங்கியாவது போயிடுவாரு. நீ சொன்ன அந்த குரு அண்ணன் போனாமாதிரி."

சத்யப்ரியா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். பெண் விறைத்து நின்றாள். உடனே தோளில் சாய்ந்துவிடவில்லை. அதற்குக் கொஞ்சம் நாளாகும் என்று தோன்றியது.

*

"விமல் எதுக்கு வேனை ஓட்டிக்கினு வரான்? இவனுக்கு இன்னா?"

பரசுராமன் வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, கட்சிக் கரை வேட்டியை மடித்துக் கட்டியபடி உள்ளே வந்தார். இரண்டு பயிர் வைக்கிற நிலம், ஊரில் நாலு பேர் எழுந்து நிற்கிற மரியாதை, வருகிற ஊராட்சித் தேர்தலில் நிற்கப் போகிறார் என்ற பேச்சு. எல்லாமே அவர் நடையில் இருந்தது.

சத்யப்ரியா வாய் திறப்பதற்குள் பிரேம்நாத் முன் அறையிலிருந்து வந்தான். அப்பாவின் எதிரே நின்று, ஆரம்பத்திலிருந்து சொன்னான். ஆஸ்பத்திரி, அம்மா, தூக்கம், காலை நேரத்து நடுக்கம். ஒன்றையும் குறைத்துச் சொல்லவில்லை.

பரசுராமன் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டு முடித்தார். நாற்காலியின் கையை ஒருமுறை தட்டினார். மறுபடி தட்டினார்.

"நம்ம வூட்லயா?" என்றார்.

துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"சரி. ஆனது ஆச்சு. நாளைக்குக் காலையில குலதெய்வத்துக்கிட்ட கூட்டிக்கினு போறேன். கற்பூரம் கொளுத்தி அடிச்சு சத்தியம் பண்ணட்டும். அதோட தொடக்கூடாது. ஒரு சொட்டு தொடக்கூடாது."

"மாமா, அப்பிடி சட்டுனு நிறுத்தக் கூடாது. வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்துன்னு டாக்டரம்மா சொன்னாங்க. நாளைக்கு ஆஸ்பத்திரில சேக்கறோம்."

"குடிகாரங்க வார்டுலயா? என் புள்ளையையா?" அவர் குரல் உயர்ந்தது. கோபம் என்றுதான் முதலில் நினைத்தாள். "காந்தா இருந்தா இத விட்டிருப்பாளா? நான் ஒருத்தன் இந்த வூட்லயே இருந்துக்கினு, அவன் பக்கத்து ரூம்ல படுத்துக்கினு..." மேலே சொல்ல முடியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். மகனைக் காப்பாற்றத் தெரியாமல் போன கிழவர் ஒருவர் அந்தப் பெரிய மனிதருக்குள்ளிருந்து ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சத்யப்ரியாவின் போன் அடித்தது. நதியா. அடுத்த தெருவில் இருப்பவள். அவளுடைய இரண்டு சின்னப் பிள்ளைகளும் அந்த வேனில்தான் போகிறார்கள். எல்.கே.ஜி. ஒன்று, ஒன்றாவது ஒன்று. பிரேம் அண்ணன் இருக்காரு, எனக்குக் கவலை இல்ல என்று ஊரெல்லாம் சொல்கிறவள்.

"அக்கா, இன்னிக்கி விமல் ஓட்டிக்கினு வந்தாரே? அண்ணனுக்கு இன்னா ஆச்சு? புள்ளைங்க கேட்டுக்கினே இருக்குதுங்க."

ஸ்பீக்கர் போடாமலே அந்தக் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. பரசுராமன் துண்டை எடுத்துவிட்டு, அவசரமாகக் கையை ஆட்டினார். ஜுரம்னு சொல்லு, ஜுரம்னு சொல்லு என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

மத்தியானம் விமல்ராஜிடம் சொன்னாளே, அதே வார்த்தை. நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொல்லிவிட்டால் இன்று ஒரு நாள் தள்ளிப் போகும். நாளைக்கு அவன் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்து, பத்து நாள் கழித்து மறுபடி ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால், நதியா தன் பிள்ளைகளைச் சிரித்துக்கொண்டே ஏற்றி அனுப்புவாள். எதுவும் தெரியாமல்.

சத்யப்ரியா தீபிகாவைப் பார்த்தாள். அவள் சமையற்கட்டு வாசலில், இன்னும் ஷூவோடு, அம்மா என்ன சொல்லப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா? லைன்ல இருக்கிறீங்களா?"

"இருக்கிறேன் நதியா. அவருக்கு..."

ஜுரம் என்று சொல்ல வரவில்லை. உண்மையைச் சொல்லவும் வரவில்லை. புருஷனை ஊர் முன்னால் எழுப்பி நிறுத்துகிற வார்த்தை அது. ஒருவனை அப்படி நிறுத்தித்தான் போன வாரம் துரத்தினாள்.

பிரேம்நாத் அருகில் வந்தான். கையை நீட்டினான்.

"குடு. நான் பேசறன்."

"டேய்" என்றார் பரசுராமன். "ஊர் வாய மூட முடியாதுடா. யோசிச்சுக்க."

அவன் அப்பாவைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தான். மாட்டேன் என்றா, தெரியும் என்றா, யாருக்கும் விளங்கவில்லை. சத்யப்ரியா போனை அவன் கையில் வைத்தாள். அது ஆடியது. அவன் மறு கையையும் சேர்த்து, இரண்டு கையாலும் பிடித்துக் காதோடு வைத்துக்கொண்டான்.

"நதியா, நான் பிரேம் பேசறன்மா. எனக்கு ஜுரமெல்லாம் ஒண்ணும் இல்ல. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். உன் வூட்டுக்காரரும் இருந்தா பக்கத்துல கூப்புட்டு வச்சுக்க. கேட்டுட்டு நீ என்னைய இன்னா திட்டணுமோ திட்டு. ஆனா முழுசா கேட்டுட்டுத் திட்டு."

அந்தப் பக்கம் டி.வி.யை யாரோ அணைப்பது கேட்டது.

"சொல்லுங்கண்ணா" என்றாள் நதியா.